கிள்ளிய இலைகள்

லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தாலே போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். போன வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரும்பு வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. விரல்கள் பிழைத்தன, ஆனால் மடங்க மறுத்தன. ஸ்பேனர் பிடிக்க முடியாத டாக்டரைக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான்.

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். காலையில் எப்படி விட்டுவிட்டுப் போனாளோ சாயங்காலமும் அப்படியே கிடப்பார். பேசிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் தட்டை விட்டெறிந்தும் பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் அவள் மிளகாய் டப்பாவைத் துடைத்து, அடியில் கிடந்த விதைகளைக் குப்பையில் கொட்டப் போனாள்.

"அதை இங்க கொண்டா" என்றார்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயம்.

பழைய பெயின்ட் வாளிகளில் விதை போட்டார். முளைத்தது. இடது கையால் தண்ணீர் ஊற்றப் பழகினார். மூன்றாம் மாடி பால்கனி கொள்ளாமல் செடிகள் நின்றன. முகச்சவரம்கூடச் செய்துகொண்டார். "எங்க வீட்டுக்காரர் எழுந்துட்டாரு" என்று அவள் சலவைக்கூடத்தில் சொன்னபோது, கூட வேலை செய்கிறவர்கள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

செடிகள் பூத்த சமயம். அவர் எழுவதற்கு முன் துணி காயப்போட வந்தவள், மூலை வாளியில் ஓர் இலையைப் பார்த்தாள். கரும்பச்சையும் வெளிறிய மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக, மேலெல்லாம் கொப்புளித்துச் சுருங்கியிருந்தது. இதைப் பார்த்தால் மறுபடி படுத்துவிடுவார். சட்டென்று கிள்ளிக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் அதே செடியில் இன்னும் நாலைந்து. அடுத்த வாரம் பக்கத்து வாளியிலும். அவர் கண் விழிப்பதற்குள் வாளி வாளியாகப் போய்க் கிள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் காபி கலந்து கொண்டுவந்து வைப்பாள்.

ஆனால் செடிகள் வளராமல் நின்றுவிட்டதை அவளால் எப்படி மறைக்க முடியும்? அவர் பழைய கருவிப் பையிலிருந்து பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். இலைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டி, விழுந்த தூசியில் ஏதாவது நகர்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நன்றாக இருந்தது.

"பூச்சி இல்ல, வேரும் அழுகல. இலை மட்டும் குறைஞ்சுக்கிட்டே போகுது. கொட்டுற இலையெல்லாம் எங்க போகுதும்மா?"

"நான்தான் பெருக்கிடுறேனே."

இலை கொட்டுகிறது என்றால் தண்ணீர் அதிகம் என்று நினைத்து, ஊற்றுவதைக் குறைத்தார். செடிகள் வாடின. கூட்டினார். வேப்பெண்ணெய் தெளித்தார், உரம் மாற்றினார். காய்த்ததெல்லாம் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கோணிக்கொண்டு காய்த்தது.

"மோட்டாரா இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார் ஒருநாள். பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு, "அதுவும் சந்தேகந்தான்" என்றார்.

விதைகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை விடுமுறைக்கு வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனாள். குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள்.

"யாருண்ணா இப்படிக் கிள்ளினது? காம்பு காம்பா நிக்குதே."

"கிள்ளினதா? நான் ஒண்ணும் கிள்ளலையே."

பால்கனி வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஓரடி முன்னால் வந்தாள். "நான்தான். மஞ்சத் திட்டு விழுந்ததை மட்டும்."

"எல்லாச் செடியிலயுமா அண்ணி?"

"ஆமா. ஒண்ணு ஒண்ணா."

தங்கை செடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இது வைரஸ். விதையோட ஒரு செடியில வந்திருக்கும். நோய்ப்பட்டதைத் தொட்ட கையோட அடுத்ததைத் தொட்டா அதுக்கும் ஒட்டிக்கும். முதல் செடியை அன்னைக்கே பிடுங்கிப் போட்டிருந்தா மத்ததெல்லாம்..." அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"மருந்து?" என்றார் அவர்.

"இல்லண்ணா. மண்ணோட சேர்த்து அப்புறப்படுத்தணும்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா மறைச்ச?"

"நீங்க பார்த்தா திரும்பப் படுத்துடுவீங்கன்னு."

கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் இடது கையால் முதல் செடியைப் பிடித்து இழுத்தார். வேர் விடாமல் பிடித்துக்கொண்டது. உதவ அவள் கை நீட்டினாள்.

"நீ தொடாத."

இனித் தொட்டால்தான் என்ன கெட்டுவிடப் போகிறது? அவள் கையை இழுத்துக்கொண்டாள். தங்கைதான் வாளிகளைக் கீழே இறக்க உதவினாள்.

மறுநாள் காலையில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சம்பளத்தன்று அவள் செடிக்கடைக்குப் போய் மிளகாய் நாற்றுகள் வாங்கி, புது மண், புதுத் தொட்டி என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட்டாள். அவர் பால்கனிப் பக்கமே வரவில்லை.

இரண்டு வாரத்தில் ஒரு நாற்றின் கொழுந்து லேசாகச் சுருண்டது. வெயிலா, பூச்சியா, பழைய வினையேதானா, அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இந்த இலையைக் கொஞ்சம் வந்து பாருங்களேன். நான் ஒண்ணும் பண்ணல. அப்படியே இருக்கு."

கட்டில் கிறீச்சிட்டது. எழுகிறார் என்று நினைத்தாள்.

"பார்த்து என்ன ஆகப்போகுது?" என்றார். புரண்டுதான் படுத்திருக்கிறார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அந்தக் கொழுந்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருக்கான சோற்றை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.