கெண்டைக்குத் துண்டு இல்லை

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியர் செல்வரத்தினம் பத்தொன்பது வருடமாக ஒரே பகிடியை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் நொண்டிக்கொண்டு வந்து, "ஐயா, கெண்டை பெரட்டுதுங்க" என்பார்கள். கெண்டைக்கால் சதை சுருண்டு இழுப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். விடியக்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்கும் தோட்டத்தில் பெரட்டு என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றுபோல ஒலித்ததில் அப்படியொரு சந்தோஷம்.

"பெரட்டுதெண்டால் பெரட்டுக்குப் போங்கோவன். அதுதானே மருந்து!" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். தண்ணீர் குடி, நட, சரியாகிவிடும், அடுத்த ஆள் வா. காய்ச்சலுக்கு, வேலைக்குப் போகவேண்டாம் என்று ஓய்வுத் துண்டு எழுதுவார், வயிற்றோட்டத்துக்கு எழுதுவார். கெண்டைக்கு மட்டும் ஒருநாளும் எழுதியதில்லை.

போன மாதம் அந்தப் பகிடியைக் கேட்டுவிட்டு மலைக்குப் போனவள் ரெங்கம்மா. செங்குத்தான இடத்தில் கெண்டை மறுபடி இழுத்தது. கொழுந்துச் சாக்கோடு உருண்டதில் இடது கை முறிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை விசாரணை என்று தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை நாள் குறித்தார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கெண்டை வலி ஒரு ஆளை வேலை செய்யவிடாத நோயா, இல்லையா? நோய் என்று முடிவானால் செல்வரத்தினத்தின் கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் ஏறும். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. இத்தனை காலமும் அந்தக் கோப்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அதை நினைத்தால் அவருக்கு நெஞ்சு நிமிரும். "கெண்டை வலியெண்டு ஒரு நோய் கிடையாது சேர்" என்ற பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து தரம் சொல்லியும் பார்த்திருந்தார்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் எல்லவில் ஒரு ஹோட்டலுக்குச் சுற்றுலா போனார்கள். அங்கே நீச்சல் குளம் இருந்தது. "நான் கடற்கரையில பிறந்தனான்" என்று செல்வரத்தினம் சொல்லாத நாள் கிடையாது. இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் போனதில்லை என்பதைத்தான் யாருக்கும் சொல்லவில்லை. கிளாக்கர் ஜெயகுமார் நல்ல மனதோடுதான், "ஐயா ஒரு ரவுண்டு அடிச்சுக் காட்டுங்களேன்" என்றார். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர் கலாராணி கை தட்டினாள். இனி மானத்தைக் காப்பாற்றாமல் முடியுமா? இறங்கிவிட்டார்.

எல்லவின் மலைக்குளிரில் தண்ணீர் எப்படிச் சில்லிட்டிருக்கும் என்று சொல்லவா வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, காலை விறைப்பாக நீட்டி, அடி அடியென்று அடித்தார். நடுக்குளத்தில் இரண்டு கெண்டையும் ஒரே நேரத்தில் சுருண்டுகொண்டன.

"குறண்டிப் போட்டுது! ஐயோ, குறண்டிப் போட்டுது!" என்று கத்தினார்.

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் மலைநாட்டுக்காரர்கள். கெண்டை இழுப்பதற்கான அந்த யாழ்ப்பாணச் சொல் யாருக்கும் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நீந்தும்போது இப்படித்தான் கூப்பாடு போடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு கலாராணி இன்னும் பலமாகக் கை தட்டினாள். இரண்டு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது.

"பெரட்டுது! கெண்டை பெரட்டுது!"

அது விளங்கியது. குளத்துப் பொறுப்பாளன் நிஷாந்த், அவனும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன், அந்தச் சொல் முடியுமுன் குதித்தான். கரையில் கிடத்தி, கால்விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி மடக்கினான்.

"கத்தாதீங்க ஐயா, இப்ப விட்டுரும். ரெண்டு மூணு நாளைக்கு வலி இருக்கும். மேடு பள்ளம் ஏறி எறங்காம ரெஸ்ட் எடுங்க."

"தம்பி, எனக்கே வைத்தியமோ?" என்றார் செல்வரத்தினம், மூக்கிலிருந்து தண்ணீர் வடிய.

திங்கட்கிழமை தன் வைத்தியத்தையே தனக்குச் செய்துகொண்டார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். டிஸ்பென்சரி வாசலில் மேலும் கீழும் நடந்தார். செவ்வாய் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது உயிர் போய் வந்தது. குவாட்டர்ஸிலிருந்து ஆபீசுக்குப் போக எண்பத்துநான்கு படி இறங்க வேண்டும். மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறித் திரும்புவதற்குச் செம்பருத்தி வேலியைப் பிடித்து அரைமணி நேரம் ஆனது.

விசாரணைக்குச் சும்மா போகாமல் இருந்தால் பயந்து ஒளிந்ததாகிவிடும். லீவுக் கடிதம் எழுதியே ஆகவேண்டும். காய்ச்சல் என்று எழுத முடியாது, குளத்தங்கரையில் நடந்ததை ஆபீஸே பார்த்தது. கெண்டை என்று எழுதக் கை கூசியது. அதற்குப் பதில் 'கடுமையான தசைப்பிடிப்பு, நடக்க இயலாது, இரண்டு நாள் ஓய்வு தேவை' என்று எழுதினார். வாசித்துப் பார்த்தார். கௌரவமான நோயாகத்தான் தெரிந்தது. தனக்கு வந்தது வேறு, அந்தப் பெண்களுக்கு வருவது வேறு என்று கொஞ்சம் நம்பவும் செய்தார். ஆள் விட்டுக் கடிதத்தை ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார்.

மத்தியானம் ஜெயகுமார் படியேறி வந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஐயா, ஒங்க கடுதாசிய விசாரணையில நான்தான் வாசிச்சேன். தசைப்பிடிப்புன்னா என்னன்னு ரெங்கம்மா கேட்டுச்சு. தொர என்னையப் பார்த்தாரு. பொய் சொல்ல முடியலீங்க. கெண்டை பெரட்டுறதுதான்னு சொல்லிட்டேன்."

"பிறகு?"

"தொர சிரிச்சுட்டாரு. அப்பறம் கேஸ் முடிஞ்சு போச்சுங்க."

ஜெயகுமார் திருப்பி நீட்டிய கடிதத்தின் அடியில் துரையின் கையெழுத்தில் இரண்டே வரி. முதல் வரி: லீவு அனுமதிக்கப்பட்டது. இரண்டாவது வரி: நோயென்று வைத்தியரே ஒப்புக்கொண்டுள்ளதால் ரெங்கம்மாவின் முறைப்பாடு சரி, எச்சரிக்கைக் கடிதம் பின்னால் வரும்.

வியாழக்கிழமை டிஸ்பென்சரியைத் திறந்தபோது ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கைக் கட்டோடு ரெங்கம்மா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நின்ற பெரியாயி காலைத் தடவிக்கொண்டே, "ஐயா, தசைப்பிடிப்புங்க" என்றாள், ஒரு எழுத்துப் பிசகாமல்.

செல்வரத்தினம் நிமிர்ந்தார். "பெரட்டுதோ?"

"அய்யய்யோ, இல்லீங்க. பெரட்டுறதுக்குத்தான் துண்டு கெடையாதே."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குக் காது வரைக்கும் சுட்டது. இத்தனை வருடமும் இந்த வாசலில் ஒரு ஆள்கூடச் சிரித்ததில்லை, தான் ஒருவனே சிரித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மேசைக்கடியில் கெண்டை இன்னும் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. துண்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"எத்தினை நாள் போட?" என்று பெரியாயியைப் பார்க்காமலே கேட்டார்.

"ஐயாவுக்கு எத்தன நாளுங்க?" என்று வாங்கிலிருந்து கேட்டாள் ரெங்கம்மா.

"ரெண்டு" என்றார். அப்படியே எழுதினார்.