அவள் சிரித்த காரணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நானாக எழுத உட்கார்ந்த கதை இல்லை. மருத்துவமனைகளில் இலவசமாக வைக்கும் ஓர் இதழின் ஆசிரியை தொலைபேசியில் கேட்டார்: "சினைப்பை நீர்க்கட்டி பத்தி ஒரு கதை வேணும். நடைப்பயிற்சி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் வரணும். கடைசியில அவ வாந்தி எடுக்கிற மாதிரி முடிச்சிடுங்க."

தமிழ்க் கதையில் பெண் வாந்தி எடுத்தால் அஜீரணம் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் சரியென்றேன்.

2

முதல் தொடக்கம்: 'பொழுது விடிந்தது. அவள் உற்சாகமாக நடக்க—'

யார் உற்சாகமாக நடக்கிறார்கள்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அவள் தையல்காரி. துணிக்கடையின் பின்னறையில், வாங்கியவர்களின் அளவுக்கு உடையைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் வேலை. எல்லோருக்கும் அவள் 'மாஸ்டர்'. நாள் முழுக்க மெஷினே கதி. அலுப்புக்குச் சர்க்கரை தூக்கலாகத் தேநீர். மாதவிலக்கு வந்தால் உண்டு. இல்லையென்றால் மாதக்கணக்கில் இல்லை.

(அவளுடைய அம்மா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். இதைக் கதையின் நடுவில் சொல்வதாக இருந்தேன். இங்கேயே இருக்கட்டும். அவளுடைய பயம் இதுதான்.)

டாக்டர் சொன்னார்: "சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு. இப்பவே பார்த்துக்கலைன்னா அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வரலாம். இனிப்பைக் குறைங்க. தினமும் நடங்க. மாதவிலக்கு ஒழுங்கா வர ஆரம்பிச்சா உடம்பு தேறுதுன்னு அர்த்தம்."

3

நடந்தாள். வேலை முடிந்ததும் பேருந்தை விட்டுவிட்டு வீடுவரை நடந்தாள். தேநீரில் சர்க்கரையை நிறுத்தி, அதைக் கஷாயம்போல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மெஷினை விட்டு அடிக்கடி எழுந்தாள். "என்ன மாஸ்டர், நாற்காலி சுடுதா?" என்று கடைக்காரர் கிண்டலடித்தார்.

வீட்டில் மாமியார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தானே அவளுடைய காலணியைத் துடைத்து வாசலில் வைத்தாள்.*

* இங்கே நானும் சரி, மாஸ்டரும் சரி, ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

4

ஒரு நாள் காலை, மாத்திரை எதுவும் போடாமல், தானாகவே அது வந்தது. குளியலறையை விட்டு வெளியே வரும்போது மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னம்மா சிரிக்கிறே? நல்ல சேதியா?" மாமியார் அடுப்பை அணைத்துவிட்டே வந்தாள்.

"ஆமா அத்தை. வந்துடுச்சு. தானா வந்துடுச்சு!"

மாமியாரின் முகம் சுண்டிப்போயிற்று. "நாள் தள்ளிப்போகுதே, இந்தத் தடவையாவது குழந்தைதான்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

கணவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நடந்து என்ன பிரயோஜனம்? நாளையிலேருந்து அந்த நேரமும் கடையிலேயே இரு. ஓவர்டைமாவது கிடைக்கும்."

வீடு இழவு வீடாயிற்று. சற்று நேரத்தில் மாமியார் தேநீர் கொண்டுவந்து மாஸ்டரின் முன் வைத்தாள். பாவம், ஆறுதலாகத்தான். பழையபடி சர்க்கரை தூக்கலாக.

5

முடிவுகள்:

(அ) அடுத்த மாதம் வாந்தி. ஆசிரியைக்கு மகிழ்ச்சி. ஆனால் அவள் நடந்ததெல்லாம் அந்த வீட்டாருக்காகத்தான் என்று ஆகிவிடும்.

(ஆ) தேநீரைக் கொட்டிவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று— வேண்டாம். திரும்பி வந்து அவள் இதே வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

(இ) குடித்துவிடுகிறாள். இதுதான் நடக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை பிறக்கட்டும், பிறக்காமல் போகட்டும். அதற்கு முன்னால் யாரையாவது அந்த அறைக்குள் அனுப்பி, "உடம்பு தேறிடுச்சா? நல்லதும்மா" என்று அவளிடம் சொல்ல வையுங்கள். நான் எழுதிப் பார்த்த எந்த முடிவிலும் அதைச் சொல்ல ஆள் இல்லை.