காற்றுப் படகும் உட்கார்ந்து பார்த்தவளும்

கடை வாசலில் தன் முகமே தொங்குவதை அவள் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டாள். ஆளுயர பேனர். அதில் அவள் ஒரு காற்றடைத்த கயாக் படகில் கால் நீட்டி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சொகுசு!'

அந்தக் கயாக்கை அவள் அதுவரை தொட்டதுகூட இல்லை. சிரிப்பு போன வருஷத்துச் சிரிப்பு. மடக்குக் கட்டிலைச் சோதித்தபோது எடுத்த போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி இங்கே ஒட்டியிருந்தார்கள். உடம்பு எந்தப் புண்ணியவதியுடையதோ, இடுப்பு சிக்கென்று இருந்தது. அந்த இடுப்புக்காகவாவது கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம். கோபம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கடை அண்ணனுடையது. கூடாரம், தூக்கப்பை, துடுப்பு, மிதவைச் சட்டை என்று வெளியே சுற்றுகிறவர்களுக்கான சாமான் அத்தனையும் உண்டு. விற்பது அண்ணன் வேலை, விற்கலாமா என்று சொல்வது தங்கச்சி வேலை. எந்தச் சரக்கு வந்தாலும் அதில் படுத்து, உட்கார்ந்து, இழுத்து, நனைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாள். அதனால் ஊரில் அவளுக்கு 'உரைகல்' என்றே பெயர் நின்றுவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் அண்ணன் பேச்சை ரசித்துக் கேட்பார்கள், கேட்டு முடித்ததும், "அதெல்லாம் இருக்கட்டும், உரைகல் என்ன சொன்னாங்க?" என்பார்கள். அந்தக் கேள்விதான் அவள் இத்தனை வருஷத்தில் சேர்த்த ஒரே சொத்து. அதைத்தான் இப்போது கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, வாசல்ல தொங்குறது யாரு?"

அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தான். "நீதாம்மா. நல்லா வந்திருக்குல்ல? வயசே தெரியல."

"அதுல நான் எப்ப உக்காந்தேன்?"

"இன்னும் உக்காரல. உக்காரத்தானே போற? கொஞ்சம் முன்னப்பின்ன, அவ்வளவுதான்."

"உக்காந்து பாத்து நல்லா இல்லேன்னா?"

"நல்லா இல்லாம எப்படிம்மா போகும்? சரக்கு முழுக்க வந்து இறங்கிடுச்சே!"

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. அவள் வாசலுக்குப் போய் பேனரை ஒரு இழு இழுத்தாள். மூன்று மூலை கிழிந்து கையோடு வந்தது. நாலாவதை அண்ணன் இரும்புக் கம்பி போட்டு முறுக்கியிருந்தான். ஒற்றை மூலையில் தலைகீழாகத் தொங்கியபடி அவள் முகம் தெருவைப் பார்த்துச் சிரித்தது.

இருவர் உட்காரும் கயாக் ஒன்றை மூட்டையோடு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு நேரே ஏரிக்குப் போனாள். சோதிக்கப் போனாள் என்று சொல்ல முடியாது, கொலை செய்யப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். நடுக்கடையில் கிழிசலைக் கொண்டுவந்து போட்டு, "இந்தா உன் சொகுசு" என்று சொல்லும் காட்சி வழி நெடுக அவள் மனசில் ஓடிக்கொண்டே வந்தது.

பம்பு காலால் மிதிக்கிற வகை. கோபத்தில் மிதித்ததால் படகு சீக்கிரமே விறைத்து நின்றது. கட்டைவிரலால் அழுத்தினால் அழுந்தவில்லை. வால்வில் சோப்புத்தண்ணி தடவினாள், ஒரு குமிழிகூட எழும்பவில்லை. ஒட்டு ஒட்டாக நகத்தால் நெருடிக்கொண்டே போனாள். பிசிறு இருந்தால் நகத்தில் மாட்டும், எதுவும் மாட்டவில்லை. ஜல்லி கொட்டிய கரையில் முழுப் படகையும் தரதரவென்று இழுத்தாள். அடிப்பக்கத்தில் கோடு விழுந்ததே தவிர கிழியவில்லை. வெயிலில் போட்டு, காற்று சூடேறி ஊதட்டும் என்று காத்திருந்தாள். ஊதியது, கொஞ்சம் முனகியது, அதோடு சரி. கடைசியில் செருப்போடு உள்ளே ஏறி நின்று குதித்தாள். படகு அவளைத் தூக்கி, குழந்தையை இறக்கிவிடுவதுபோல மெதுவாகக் கரையில் இறக்கிவிட்டது.

'சனியனே, கொஞ்சமாவது கிழியேன்' என்று மனசுக்குள் கெஞ்சினாள். கிழியவில்லை. நல்ல தோல். இத்தனை கோபத்தோடு வந்தவளுக்கு இதைவிட அவமானம் வேறு கிடையாது. ஆனாலும் உரைகல்லுக்குப் பொய் வராது. 'தோல் கெட்டி' என்று மனசில் குறித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் குறித்தாள்.

பிறகு தண்ணீரில் இறக்கி உட்கார்ந்தாள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. கடையில் உட்கார்ந்து பார்க்கிற எவனுக்கும் அந்த முதல் சுகம்தான் கிடைக்கும், அதை நம்பித்தான் வாங்குவான். எதிர்க்கரையை நோக்கித் துடுப்புப் போடத் தொடங்கியதும் சீட்டின் சுயரூபம் தெரிந்தது. முதுகுச் சாய்மானத்தைத் தாங்குகிற பட்டைகள் முன்பக்கமாக இழுக்க வேண்டும். இதில் பட்டையை மாட்டும் வளையத்தைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டித் தொலைத்திருந்ததால் பட்டை கீழே இழுத்தது. சாய்ந்தால் சாய்மானமும் கூடவே சாய்ந்தது. சோம்பேறி மாப்பிள்ளை மாதிரி, நம்பிச் சாய்ந்தவளையும் இழுத்துக்கொண்டு விழுகிற சாய்மானம். காலை உதைத்து நிமிரலாமென்றால் உதைக்க ஒரு கட்டை கிடையாது. உடம்பு வழுக்கி வழுக்கி முன்னே போனது. பாதி ஏரி தாண்டுவதற்குள் இடுப்பில் ஒரு ஆணி இறங்கியது. திரும்பிக் கரை சேர்ந்தபோது இடது கால் மரத்து, மண்டி போட்டுத்தான் இறங்க முடிந்தது.

கடைக்கு வந்து நின்றபடியே சொன்னாள், உட்கார முடியவில்லை. "படகு நல்ல படகு. சீட்டு முதுகை உடைக்கும். வளையத்தை எடுத்து முன்னால ஒட்டணும், காலுக்கு ஒரு கட்டை வெக்கணும். அதுவரைக்கும் விக்காதே."

அண்ணன் கதவைச் சாத்தினான். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டான். குரலைத் தாழ்த்தினான்.

"சரி, சொல்லு. எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"என்கிட்ட எதுக்கும்மா? நானும் அதே வீட்டுலதானே வளர்ந்தேன். 'நல்ல படகு'ன்னு முதல்ல ஒரு கொக்கி. அப்புறம் 'சீட்டு சரியில்லை'ன்னு ஒரு இழுப்பு. அப்பா பண்ற மாதிரியே பண்ற. எனக்குப் பெருமையா இருக்கு. பங்கு வேணும்னா பங்குன்னு கேளு."

அண்ணனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் பசிக்கிறது என்று சொன்னால்கூட, எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் பார்ப்பார்கள். குறை சொன்னால் விலை இறக்கப் பார்க்கிறான், புகழ்ந்தால் தலையில் கட்டப் பார்க்கிறான், பேசாமல் இருந்தால் வேறு ஆளிடம் பேசி முடித்துவிட்டான். சொல்லுக்குப் பின்னால் ஒரு தொகை இல்லாமல் மனுஷன் வாய் திறப்பான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

"எனக்கு இடுப்பு வலிக்குதுடா!" என்று கத்தினாள்.

"வலி நல்லாத்தான் பண்ற," என்றான் அண்ணன் மரியாதையோடு.

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. ஏரியில் படகு வாடகைக்கு விடுகிற துறைக்காரர். பெரிய மனிதர், பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய சந்தேகம். ஒரு டஜன் கயாக் கேட்டிருந்தார். அண்ணன் எழுந்து சரக்கைப் பற்றிப் பாட ஆரம்பித்தான். அவர் கையமர்த்தினார்.

"நீ இரு தம்பி. உரைகல் இங்கதானே நிக்குறாங்க. அம்மா, நீங்க சொல்லுங்க."

அண்ணன் அவரின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"படகு கிழியாது, அதுக்கு நான் கேரண்டி. ஆனா சீட்டு மோசம். உங்ககிட்ட வர்றவங்க பாதி ஏரியில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உங்களைத் திட்டுவாங்க. இப்ப வாங்காதீங்க."

துறைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"யாரு வந்து கேட்டுட்டுப் போனா?"

"என்னது?"

"வேற பார்ட்டி கேட்டிருக்கான், அதானே? சொந்தக் கடைச் சரக்கை எந்தக் கடைக்காரியாவது மட்டம்னு சொல்வாளா? என்னைக் கழட்டிவிடப் பாக்குறீங்க. நான் நேத்து பொறந்தவனா? ஒரு டஜன் இல்ல, ரெண்டு டஜன் என் பேர்ல எடுத்து வை, தம்பி. நாளைக்கு வண்டி அனுப்பறேன்."

அவர் ஜெயித்த களிப்பில் கிளம்பிப் போனார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "என்ன டெக்னிக்கும்மா! அப்பாவுக்கே இது தெரியாது! நாளையிலிருந்து வர்ற எல்லார்கிட்டயும் இதே டயலாக்கை இதே முகத்தோட சொல்லிடு. அந்தக் கோபம் ரொம்ப முக்கியம், அதை மட்டும் குறைச்சிடாதே."

அந்த நிமிஷம் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு விற்றிருக்காது. உண்மையைச் சொல்லி, அது பொய்யாகப் போய், அதற்குக் கைகுலுக்கலும் வாங்கியாயிற்று. இனி அவள் என்ன சொன்னாலும் அது சரக்கு. கத்தினாலும் சரக்கு, அழுதாலும் சரக்கு. இவனிடம் நேராகப் பேசிப் பிரயோஜனமில்லை என்று புரிந்தது. நேர்ப்பேச்சு புரியாதவனிடம் அவனுக்குப் புரிகிற பேச்சைத்தான் பேச வேண்டும். கோபத்தை விழுங்கி, முகத்தில் ஒரு வியாபாரச் சிரிப்பை வரவழைத்தாள்.

"சரிண்ணே. பங்கு பேசலாம்."

"அப்படி வா வழிக்கு!"

"இங்க வேண்டாம், சுவருக்கும் காது இருக்கும். ஏரிக்கு வா. படகுல உக்காந்து பேசுவோம்."

பங்கு என்றால் அண்ணன் பாதாளத்துக்கும் வருவான். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். நீச்சல் தெரியாதவன், ஆனாலும் பாட்டு முணுமுணுத்தான். "சூப்பரா இருக்கேம்மா! இதையா மோசம்னே?" என்று முதல் சுகத்தில் திளைத்தான். அவள் பின்னால் உட்கார்ந்து, தன் இடுப்பு வலியையும் பொறுத்துக்கொண்டு, துடுப்பை ஓங்கி ஓங்கிப் போட்டாள். கரையில் நின்ற அவர்கள் வண்டி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியதும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசு," என்றான் அண்ணன்.

அவள் பேசவில்லை. அவன் இந்தப் பக்கம் அசைந்தான், அந்தப் பக்கம் அசைந்தான். சாய்ந்தான், சாய்மானமும் சாய்ந்தது. முன்னால் வழுக்கினான், கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்தான். எழுந்து நின்றால் படகு கவிழும் என்று பயம்.

"நிறுத்தி வெச்சா எப்படிம்மா? போலாம்."

"சீட்டு எப்படி இருக்கு?"

"நல்லா... பரவாயில்லை."

"அப்ப இரு."

காற்று அவர்களை இன்னும் நடுவே தள்ளியது. அண்ணன் பேரத்தைத் தொடங்கினான். "சரி, லேசா வலிக்குது. வெச்சுக்கோ." அவள் வானத்தைப் பார்த்தாள். "ஓரளவு வலிக்குது." அவள் தண்ணீரைப் பார்த்தாள். "வலியில பாதிய ஒத்துக்கறேன், மீதி என் வெயிட்டுனால. நியாயமாப் பேசு!" அவள் துடுப்பின் சொட்டுகளைத் துடைத்தாள். "அட, உன் பங்குல இன்னும் கொஞ்சம் ஏத்தித் தரேன்மா, கரைக்குப் போ!"

"எனக்கு ஒரு பைசா வேண்டாம்," என்றாள். "இந்தக் கடையில நான் படுத்த கட்டில் எத்தனை, நனைஞ்ச கூடாரம் எத்தனை! ஒரு தடவையாவது உன்கிட்ட விலை கேட்டிருக்கேனா? எனக்கு வலிச்சுது, வலிக்குதுன்னு சொன்னேன். அதையும் வித்துட்டியே, பாவி!"

அண்ணன் திரும்பிப் பார்க்க முயன்றான். இடுப்பு திரும்பவில்லை. "ஆ!" என்றான். அந்த 'ஆ'வில் பேரம் இல்லை. அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து அவள் கேட்டதே கிடையாது. அவனும் கேட்டிருக்க மாட்டான்போல.

"வலிக்குதும்மா," என்றான் பிறகு. "ரொம்ப வலிக்குது. கால் எங்க இருக்குன்னே தெரியல. சீட்டு மோசம்."

அவள் காத்திருந்தாள், பின்னால் ஒரு 'ஆனா' வருமோ என்று. வரவில்லை.

"இதையே துறைக்காரர்கிட்டயும் நீதான் சொல்லணும்," என்றாள். "நாளைக்கு, வண்டி வர்றதுக்கு முன்னாடி."

"அவர் நம்பவே மாட்டாரேம்மா. மூணு டஜன் கேப்பார்."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். அதை நினைத்ததும் மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. துடுப்பை எடுத்து ஓங்கித் தண்ணீரில் இறக்கினாள். அண்ணன் தலை முதல் இடுப்பு வரை நனைந்தான்.

"நம்பலைன்னா அவரையும் இங்க கூட்டிட்டு வா," என்றாள். "அந்த முன்சீட்டு நாளைக்குக் காலியாத்தான் இருக்கும்."