ஈசானிய மூலை விளக்கு

பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே முனிரத்தினத்தின் டூ வீலர் ஸ்டாண்டுக்கு விளக்கு அமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் என் தங்கை வெண்ணிலா. வேலை முடிந்து ஏழரை மணிக்கு அவள் ஸ்கூட்டியை எடுப்பது அங்கேதான். பெண்கள் வண்டி நிறுத்தும் வடகிழக்கு மூலையில் கும்மிருட்டு. நோக்கியா போனின் டார்ச்சைப் போட்டு, அதை வாயில் கவ்விக்கொண்டுதான் சாவி போடுவாள். போன மாதம் அங்கே ஒருத்தியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

மொத்தம் ஆறு கம்பங்கள். முதல் கம்பத்தை அந்த மூலையில்தான் வரைந்தேன்.

முனிரத்தினம் வரைபடத்தைப் பார்த்ததும் கத்தினார். "இன்னாம்மா இது? ஈசானிய மூலைல போய் கம்பம் நடச் சொல்லிகினு கீறே! அங்க பாரம் ஏத்தவே கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

"சார், லேடீஸ் அங்கதான் வண்டி நிறுத்துறாங்க."

"நிறுத்தட்டும். கம்பம் வாணாம்."

எதிர்க் கம்பத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சி இரண்டாவது படம் வரைந்தேன். நடுவிலிருந்த தகரக் கூரையின் நிழல் சரியாக அந்த மூலையில் விழுந்தது. மூன்றாவதில் கம்பத்தை மூன்றடி தள்ளினேன். டேப் வைத்து அளந்து, அதுவும் ஈசானியம்தான் என்றார். எரிச்சலில் அழுகையே வந்தது. வெளிச்சத்தைக் கணக்குப் போட நான்கு வருஷம் படித்தேன். இந்த மனுஷனைக் கணக்குப் போட யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் அவர் வழிக்கே போனேன். "சார், ஈசானியத்துல சாமிக்கு விளக்கு எரியலாம்ல? சின்னதா ஒரு பிள்ளையார் படம் வெச்சு, மேல நல்ல லைட்டா போட்டுடலாம்."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று சிரித்தார். ஜெயித்துவிட்டதாக வெண்ணிலாவிடம் அன்றே பீற்றிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, விளக்கு போட்டிருப்பதைச் சரிபார்க்க ஏழரை மணிக்குப் போனேன். மூலை ஜெகஜ்ஜோதியாக இருந்தது. படம் இல்லை. சிமென்ட் மேடை, சின்ன கோபுரம், கருங்கல் பிள்ளையார், சுற்றிலும் சீரியல் பல்பு.

"இது மட்டும் பாரம் இல்லையா சார்?"

"சாமி எப்டிம்மா பாரமாவும்?"

"லேடீஸ் வண்டியெல்லாம் எங்கே?"

"சாமி எதிர்ல செருப்போட நடப்பாங்களா? இன்னிக்குக் காலைலதான் பின்னால ஜெனரேட்டர் ஷெட்டாண்ட மாத்திட்டேன்."

அங்கே வண்டியே நிற்காது என்று நான்தான் ஒரு விளக்குகூட வரையவில்லை. ஓடினேன். இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம் ஆடியது. வெண்ணிலா குனிந்து சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் 'அக்கா' என்று கூப்பிடக்கூட அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.