பத்தாவது சொல்

ஹைஃபாவில் எங்கள் தெருவில் யாராவது இறந்துவிட்டால், முதல் போன் அடக்கம் செய்பவர்களுக்குப் போகும். இரண்டாவது போன் எனக்கு வரும். பிழைப்புக்கு நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆனால் துக்க வீட்டு ஜெபத்துக்கு, எங்கள் யூத வழக்கப்படி வேண்டிய பத்து ஆண்களைத் திரட்டிக் கொடுப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட சேவை. பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட ஒன்பதோடு நின்றதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சமா என்று என் மனைவி திர்சா கேட்பாள்.

அன்று போன் வந்தது எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்துதான். ரெபாயேல், ரொட்டிக்கடையில் வேலை செய்பவன், குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிரான்ஸின் மார்செய் நகரில் அவன் அம்மா இறந்துபோயிருந்தார். விமானத்தில் இடம் கிடைப்பதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. நான் போனபோது துக்க வழக்கப்படி கிழித்த சட்டையோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இங்க யாரையும் தெரியாதுங்க. அம்மா முகத்தக்கூடப் பாக்கல. அவங்களுக்காகக் கதீஷ் ஜெபமாவது சொல்லணும். பத்துப் பேர் இல்லாம சொல்ல முடியாதே?"

"அந்தக் கவலைய எங்கிட்ட விடுங்க. சாயந்திர ஜெபத்துக்குப் பத்துப் பேர் இங்க நிப்பாங்க."

சொல்வது சுலபம். ஆகஸ்ட் வெயிலில் பாதித் தெரு கடற்கரைக்குப் போயிருந்தது. மருந்துக்கடைக்காரரைப் பிடித்தேன், தபால்காரரைப் பிடித்தேன், எதிர் வீட்டு அண்ணன் தம்பி இருவரையும் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். முடிவெட்டுபவரைக் கூப்பிட்டால், நாற்காலியில் இருந்தவரும் பாதித் தலையோடு, கழுத்தில் துண்டோடு கூடவே வந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேரையும் விடவில்லை.

எங்கள் ஆட்கள் தலைகளை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். பத்துச் சொற்கள் உள்ள ஒரு வேத வசனத்தை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவோம். வசனம் முடிந்தால் ஆள் சரி. ரெபாயேலிலிருந்து தொடங்கினேன். ஒன்பது சொல் ஆனது. பத்தாவது சொல்லுக்குத் தலை இல்லை. மறுபடி சொன்னேன், அப்போதும் இல்லை.

"நப்தலி, கடையத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன்யா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு," என்றார் துண்டுக்காரர்.

ஜன்னலில் சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது; அது மறைவதற்குள் ஜெபத்தைத் தொடங்க வேண்டும். ரெபாயேல் என்னையே பார்த்தான். கட்டடத்தில் இன்னும் ஒரே ஒரு ஆண்தான் இருந்தான். முதல் மாடி ஒபதியா.

அவனோடு நான் பேசி மூன்று வருடம். பந்தல் பண்டிகைக்கு முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் சரியாக மேலே ஈரத் துணி காயப்போட்டான். சொட்டுச் சொட்டாக என் மாமனார் சூப்பில் விழுந்தது. நான் கத்தினேன். "சூப்புல உப்பு சரியா இருக்கா?" என்று அவன் மேலிருந்து கேட்டான். அதன்பிறகு அவன் இருக்கும் திசைக்கே நான் கும்பிடு போட்டுவிட்டேன்.

படியிறங்கிக் கதவைத் தட்டினேன். பனியனோடு வந்தான்.

"என்ன, மறுபடியும் சொட்டுதா?"

"மேல ஒரு ஆள் குறையுது. வா."

"ஓகோ. தொர வந்து கூப்பிட்டா ஓடி வரணுமா?"

"ஒபதியா, சூரியன் இறங்குது. அந்தப் பையன் அம்மாவுக்குக் கதீஷ் சொல்லணும். அன்னைக்குக் கத்துனது தப்புதான். போதுமா? மூணு வருஷமும் சேத்து மன்னிச்சுக்கோ, சட்டையப் போடு!"

ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே எனக்கு முன்னால் படியேறினான்.

மேலே வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தான். உதடு அசைந்தது. என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தான். என் கெஞ்சலை ரசிக்கிறான், பாவி, என்று நினைத்துக்கொண்டேன். ரெபாயேல் எழுந்து கதீஷ் சொன்னான். பாதியில் குரல் உடைந்தது. நாங்கள் எல்லோரும் உரக்க ஆமென் சொல்லி அவனைத் தாங்கிப் பிடித்தோம். முடிந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜெபத்துக்கும், நான் கூப்பிடாமலே ஒபதியா வந்து நின்றான்.

ஏழாம் நாள் காலை துக்கம் முடிந்து ரெபாயேல் முக்காலியை விட்டு எழுந்தான். வழக்கப்படி அவனை அழைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று நடந்தோம். பழக்கதோஷம், முன்னால் போனவர்கள் முதுகுகளைப் பார்த்து வசனத்தைச் சொல்லிக்கொண்டே, கூட வந்த ஒபதியாவையும் சேர்த்தேன். ஒன்பதில் நின்றது.

"ஐயையோ, ஒருத்தர் குறையறாரே! காலையில எப்படி ஜெபம் பண்ணோம்?"

"உன்னையும் சேத்துக்கோய்யா," என்றான் ஒபதியா.

நான் நின்றுவிட்டேன்.

"அப்படின்னா முதல் நாளு..."

"முதல் நாளே உன்னோட சேத்துப் பத்துப் பேர். நான் பதினொண்ணு. வாசல்ல நின்னப்பவே பாத்துட்டேன்."

"தெரிஞ்சே ஏன்யா நின்ன? வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்திருந்தா, 'சரி போ'ன்னு அனுப்பியிருப்ப. அப்புறம் எந்தக் காலத்துல என் கதவத் தட்டியிருப்ப?" வழியில் கிடந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டு நடந்தான். "மூணு வருஷமா பண்டிகைக்குக் கீழ பந்தல்ல நீங்க பாடுற சத்தம் மேல கேக்கும். ஜன்னல மூடாம கேட்டுட்டே சாப்பிடுவேன்."

அடுத்த மாதம் பந்தல் போட்டேன். ஓலையைப் பிடித்துக் கொடுத்தவன் ஒபதியா. மேலே கொடியில் ஒரு துணி இல்லை. ரெபாயேல் ரொட்டி கொண்டு வந்திருந்தான். தட்டு எடுக்கப் போன திர்சா, எத்தனை பேர் என்று உள்ளேயிருந்து கேட்டாள். நான் வசனத்தைத் தொடங்கினேன், முதல் சொல்லை என் நெஞ்சில் விரலை வைத்துச் சொன்னேன்.