மாப்பிள்ளையை விழுங்கிய வேன்

கொழும்பில் எத்தனையோ வேன்கள் ஓடுகின்றன. ஆனால் ஒரு மாப்பிள்ளையையும் அவனுடைய ஒன்பது சொந்தக்காரரையும் உயிரோடு விழுங்கி, கலியாண மண்டப வாசலில் படுத்துக்கொண்டு, துப்பமாட்டேன் என்று அடம்பிடித்த வேன் வெள்ளவத்தை ஜனாவுடையது ஒன்றுதான். இதைச் சொன்னால் ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். கொட்டாஞ்சேனைப் பாலசுந்தரம் மட்டும் சிரிக்கமாட்டார். அன்றைய மணப்பெண்ணைப் பெற்றவர் அவர்தான்.

கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை அந்த வேன் பேலியகொடையில் ஜனாவின் நண்பன் நுஸ்கியின் டயர்க் கடையில் நின்றது. எழுபதுகளில் பிறந்த, வட்டக் கண்ணுள்ள பழைய கொம்பி. ஜனா அதை ஏற்கெனவே நிலத்தோடு நிலமாக இறக்கிவிட்டிருந்தான்; வெள்ளவத்தைக் காலி வீதியில் அது வந்தால் எறும்புகூடக் குனிந்துதான் வழிவிடும். இப்போது அதற்கு மினுங்கும் அலோய்ச் சில்லுகளும் புது டயர்களும். டயரின் அகலத்தில் இரண்டு பேர் பாய் விரித்துப் படுக்கலாம். தலையணைக்கும் இடம் மிஞ்சும். வேனின் உடம்புக்கு வெளியே அவை நாலு விரல் நீட்டிக்கொண்டு நின்றன.

காசு? பெண் வீட்டார் கொடுத்த டொனேஷன். சீதனம் என்று சொன்னால் படித்த மாப்பிள்ளைக்கு வெட்கம் வருமே என்று நம்மவர்கள் கண்டுபிடித்த மரியாதையான சொல் அது.

நுஸ்கி பக்கக் கதவைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தான். அது டயரை மயிரிழையில் தாண்டி வழுக்கி ஓடியது.

"மச்சான், நம்ம பொடியன்மார ஏத்தி ஒருக்கா பாப்பமா? பாரம் வந்தா வேன்ட பொடி டயர் மேல இன்னும் இறங்கும்."

"விசரே உனக்கு? கிறீஸ் கையோட ஏறி என்ர சீற்றை நாசமாக்கவோ? எங்கட ஆக்கள் என்ன சீமெந்து மூட்டையளே?" என்றான் மாப்பிள்ளை ஜனா.

"நீ செல்லிட்டா சரி. ஆனா ரோட்டுல ஈக்கிற அத்தன பேரும் திரும்பிப் பாப்பாங்க."

"அதுதானே வேணும்!"

கலியாண நாளன்று காலை அந்தச் சீமெந்து மூட்டைகள் ஏறின. ஜனாவின் தாய் கௌரி முதலில். பிறகு மாமாமார், மாமிமார், எல்லாருக்கும் பின்னால் ஜனா. ஒவ்வொருவரும் ஏற ஏற வேன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே போனது. கடைசியில் கதவு மூடமாட்டேன் என்றது. ஒழுங்கையில் நின்ற ஆறு பேர் தோள்கொடுத்துத் தள்ள, மருதானைவரை கேட்கும் ஒரு கிறீச்சொலியோடு மூடிக்கொண்டது. நுஸ்கி சாரதி ஆசனத்தில் ஏறினான். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் இன்னும் கொஞ்சம் குந்தியது.

கொட்டாஞ்சேனை மண்டப வாசலில் மேளம் முழங்கியது. மாப்பிள்ளையின் காலைக் கழுவ பெண்ணின் ஒன்றுவிட்ட சகோதரன் செம்போடு நின்றான். நுஸ்கி குதித்திறங்கிக் கதவை இழுத்தான். பிடி கையோடு வந்துவிட்டது. கதவு வரவில்லை. டயரின் தோள் அதன் பாதையில் ஏறிக் குந்தியிருந்தது. ஆட்கள் இறங்கினால்தான் வேன் எழும்பும். வேன் எழும்பினால்தான் ஆட்கள் இறங்கலாம். வேனைத் தூக்க ஜக் வைக்கவோ அடியில் இடமில்லை. பின்கதவை ஸ்பீக்கர் பெட்டி அடைத்திருந்தது; முன்சீற்றுக்கும் பின்னுக்கும் இடையில் பலகை. ஒரு கை நுழையும் அளவு சின்ன யன்னல்தான் திறந்தது.

மேளகாரர் மூன்றாம் தடவையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பாலசுந்தரம் யன்னலருகே வந்தார்.

"தம்பி, ஏன் இறங்கேல்லை? ஏதும் குறையே?"

"ஒண்டுமில்லை மாமா. கதவு இறுகிட்டுது."

பாலசுந்தரத்தின் முகம் கறுத்தது. அவருடைய தங்கச்சியின் கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு இப்படித்தான் காருக்குள் தலைச்சுற்று வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொன்னதும் சுகமானது.

"விளங்குது தம்பி. என்ர மனிசிட காப்பையும் சேர்த்துத் தாறன்."

"வேண்டாம் மாமா!"

"காணாதோ? சரி, ஹெந்தளைக் காணித்துண்டு."

"ஐயோ, வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லே!"

உலகத்தில் எந்த ஏலத்திலும் இப்படி நடந்திருக்காது. மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று கத்த, விலை ஏறிக்கொண்டே போனது.

"அங்கிள், அல்லாஹ் மேல ஆணையா கதவு மெய்யாவே இறுகிட்டு," என்றான் நுஸ்கி.

"நீர் அவையட ஆள். அப்பிடித்தான் சொல்லுவீர்."

உள்ளே அதுவரை கதவைத் தட்டிக்கொண்டிருந்த கௌரி, தட்டுவதை நிறுத்தினாள். விசிறியை எடுத்து ஆறுதலாக விசிறத் தொடங்கினாள்.

"மோனே, கத்தாத. மனுசன் சொல்லி முடிக்கட்டும்."

"அம்மா!"

"நாங்களே கேட்டனாங்கள்? தாற ஆக்கள் தரட்டுமன்."

பத்துப் பேரின் வியர்வையில் அவிந்துகொண்டிருந்த ஜனாவுக்கு உடம்பு சில்லிட்டது. யன்னல் விளிம்பில் பாலசுந்தரத்தின் கை தெரிந்தது. அது விளிம்பை இறுகப் பிடித்தது.

"இருக்கிற வீடு மட்டும்தான் மிச்சம், தம்பி. அதையும் எழுதுறன். பிள்ளையை வாசலோட விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

"எழுதினியள் எண்டா நான் மணவறைக்கு வரமாட்டன், அப்பா."

எல்லாரும் திரும்பினார்கள். மணப்பெண் மிதுனா முழு அலங்காரத்தோடு வாசலுக்கே வந்திருந்தாள். மேளம் நின்றது. அவள் யன்னலுக்கு நேரே வந்தாள்.

"ஜனா, மாமி உள்ள சொன்னது எனக்கும் கேட்டது. நீங்க என்ன சொல்லுறியள்?"

ஜனா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

"மாமா, நீங்க தந்த டொனேஷன்தான் இந்தச் சில்லு! ஊர் திரும்பிப் பாக்க வேணுமெண்டு வாங்கினன். பொம்பிளை வீட்டுக் காசில சோடிச்சு வாறவன் இப்பிடித்தான் அடைபட்டுக் கிடப்பான். எனக்கு வீடும் வேண்டாம், காணியும் வேண்டாம். இந்தச் சில்லையும் வித்து, தந்ததைத் திருப்பித் தாறன். கலியாணத்துக்கு மிதுனா வந்தால் காணும்!"

கௌரியின் விசிறி நின்றது. மாமிமார் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"அப்ப தூக்குங்கோ," என்றாள் மிதுனா. தானே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் குனிந்ததும் அவள்தான். பெண் வீட்டார் அத்தனை பேரும் கைகொடுத்தார்கள். மேளகாரர்கூட மேளத்தை இறக்கிவிட்டு வந்தார்கள். வேன் முனகிக்கொண்டு ஒரு சாண் எழும்பியது. கதவு ஓடியது. ஜனா விழுந்தடித்து இறங்கி நேரே செம்புக்காரனின் தட்டத்தில் காலை வைத்தான்.

பாலசுந்தரம் மட்டும் சில்லருகே குந்தினார். கதவின் அடியில் டயர் உரஞ்சிய கறுப்புத் தழும்பைத் தடவிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. அதைப் பார்த்தபடியே மகளிடம் சொன்னார்:

"ஓம் பிள்ளை, கதவு மெய்யாத்தான் இறுகியிருக்கு. நான் என்னண்டு நம்புறது? கதவு திறந்தபடி கிடக்க, இறங்காம இருந்து கேட்ட மாப்பிள்ளையளைத்தானே நான் இவ்வளவு காலமும் பாத்தனான்."