தார்ன்கோட் தேவாலயத்தில் அடைக்கலம்

ஹாவிஸ் தேவாலயத்துக்குள் ஓடிவந்து பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டு நாட்கள் ஆகிவிட்டன. அடைக்கலச் சட்டப்படி நாற்பது நாள்வரை யாரும் அவளைத் தொடக்கூடாது. அதற்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வெறுங்காலோடு இங்கிலாந்தை விட்டே போய்விட வேண்டும். இல்லையென்றால் தூக்குத்தான். வாசலில் ஊர் ஆட்கள் முறைவைத்துக் காவல் நின்றார்கள்.

அவள் பீர் காய்ச்சி விற்பவள். மணியக்காரர் தர்ஸ்டன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தது அவளுடைய கொல்லையில். முந்தின நாள்தான் இருவருக்கும் ஊரறிய வாய்ச்சண்டை. அவர் இடுப்பில் தொங்கிய, பிரபுவின் களஞ்சியச் சாவிக்கொத்தை மட்டும் காணவில்லை.

பாதிரியார் எல்வின் தினமும் ரொட்டி கொண்டுவருவார். "ஒத்துக்கிட்டுப் போயிடும்மா. கடல் தாண்டினா உசுராவது மிஞ்சும்" என்பார்.

"செய்யாததை எப்படி சாமி ஒத்துக்கிறது?"

அன்று காலை, சாகக் கிடந்த ஒரு கிழவருக்கு ஜெபிக்கப் பாதிரியாரை அவசரமாக அழைத்துப் போனார்கள். எப்போதும் அவர் பூட்டியே வைத்திருக்கும் பெரிய மரப்பெட்டியின் பூட்டு, அந்த அவசரத்தில் திறந்தபடி தொங்கியது. போர்த்த ஏதாவது கிடைக்குமா என்று குளிரில் நடுங்கிய ஹாவிஸ் மூடியைத் தூக்கினாள். பூசை உடைகளுக்கு அடியில், புனிதரின் எலும்பு வைத்த பேழையை ஒட்டி, தர்ஸ்டனின் சாவிக்கொத்து.

கத்தப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளாக இந்தச் சுவர்களுக்குள் இருப்பது அவள். 'நீதான் ஒளிச்சு வச்சிருக்கே' என்பார்கள். தப்பிக்கும் வழி கைக்கு எட்டியும், எடுத்தால் அதுவே கழுத்துக்குச் சுருக்கு. மூடியை இறக்கிப் பூட்டை அழுத்தினாள். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. இனி பாதிரியாரின் சாவிதான் அதைத் திறக்க வேண்டும்.

மதியம் அரசரின் விசாரணை அதிகாரி வந்தார். கூடவே எல்வினும் வந்தார்.

"என்ன சொல்றே, பொம்பளே?"

"சொல்லிடறேன், ஐயா. ஆனா புனிதரோட எலும்புமேல கை வச்சுத்தான் சொல்லுவேன். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க."

எல்வினின் முகம் வெளிறியது. "சாவி... வீட்டுல இருக்கு. சிலுவைமேல சத்தியம் பண்ணட்டுமே."

காவலுக்கு நின்ற கொல்லர் வைமார்க் உள்ளே எட்டிப் பார்த்தார். "கழுத்துல தொங்குதே சாமி, அது என்ன? அந்தப் பூட்டைச் செஞ்சவனே நான்தான். அதுக்கு ஒரே சாவி."

அதிகாரி கையை நீட்டினார். எல்வின் தரவில்லை. வைமார்க் அந்தக் கயிற்றை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து சாவிக்கொத்தை அதிகாரி தூக்கியதும் எல்வின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். களஞ்சியத்தில் கோதுமை திருடியதையும், தர்ஸ்டன் கையும் களவுமாகப் பிடித்ததும் அவரை மண்டையில் அடித்துக் கொன்றதையும், பழி ஹாவிஸ்மேல் விழட்டுமென்று பிணத்தை இழுத்துவந்து போட்டதையும் தேம்பித் தேம்பிச் சொன்னார். பாதிரியாரை அரசரின் சட்டப்படி தூக்கிலிட முடியாது; திருச்சபைதான் விசாரிக்க வேண்டும். ஆயரின் ஆட்களிடம் ஒப்படைக்கக் கூட்டிப்போனார்கள்.

"நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார் அதிகாரி.

ஹாவிஸ் வாசல்வரை வந்தாள். நிலைப்படியைத் தாண்டக் கால் எழவில்லை. வெளியே, அன்று தடியோடு அவளைத் துரத்திய அதே முகங்கள்.

"யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, வா" என்றார் வைமார்க்.

"அன்னிக்கு நீயும்தானே துரத்தினே?"

வைமார்க் திரும்பி நின்று, வாசலை அடைத்திருந்த கூட்டத்தை வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டினார். கடைசி ஆள் தெருத் திரும்பும்வரை ஹாவிஸ் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.